அலமாரி வரைபடத்திலிருந்து அருவி வரை: விஸ்கிடவுன் நிகழ்வு ஆய்வு

வடக்கு கலிபோர்னியாவில் ரெடிங் நகரத்துக்கு மேற்கே விஸ்கிடவுன் தேசியப் பொழுதுபோக்குப் பகுதி இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 42,000 ஏக்கர். 1963 செப்டம்பர் 28 அன்று அதிபர் கென்னடி நேரில் வந்து அர்ப்பணித்த அணை, அதன் நீர்த்தேக்கம், சுற்றிலும் மலை. கோடை வந்தால் படகு விடவும் நீந்தவும் கூட்டம் கூடும். மனித நடமாட்டமே இல்லாத பெருங்காடு என்று இதைச் சொல்ல முடியாது. அப்படியிருந்தும், அங்கே வேலை பார்த்த பூங்கா ஊழியர்கள் கண்ணால் பார்த்திராத 220 அடி அருவி ஒன்று 2004 வரை அதே எல்லைக்குள் இருந்தது.

செயற்கைக்கோள் படத்தை வைத்து அருவி தேடுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் எடுத்துச் சொல்வது இந்த நிகழ்வைத்தான். காரணம், இதில் படம் தனியாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. இடம் தவறிய ஒரு பழைய வரைபடம், வான்படம், நில உயரத் தரவு, புதரை விலக்கிக்கொண்டு நடந்த இரண்டு பேர் என்று எல்லாம் சேர்ந்துதான் அருவியை வெளியே கொண்டுவந்தன. ஒவ்வொன்றிலும் பிழைக்கு இடம் இருந்தது. ஆனால் அவை ஒரே வகைப் பிழைகள் அல்ல. அதனால்தான் ஒன்றை வைத்து இன்னொன்றைத் திருத்த முடிந்தது.

வரைபடம் சொன்ன இடத்தில் அருவி இல்லை

பூங்காவின் வனவிலங்கு உயிரியலாளர் ரஸ் வெதர்பீ, பழைய அலமாரி ஒன்றைச் சுத்தம் செய்தபோது 1960களைச் சேர்ந்த வரைபடம் ஒன்று கையில் கிடைத்தது. அதில் அருவி ஒன்று குறிக்கப்பட்டிருந்தது. அந்த மலைப்பக்கம் பெரிய அருவி இருப்பதாக ஊருக்குள் ஏற்கெனவே பேச்சு உண்டு. வெதர்பீ வரைபடம் காட்டிய இடத்துக்கே போய்ப் பார்த்தார். அங்கே அருவி இல்லை.

பெரும்பாலான தேடல்கள் முடிந்துபோகும் இடம் இதுதான். வரைபடம் தப்பு, பேச்சு கட்டுக்கதை என்று கோப்பை மூடிவிடலாம். வெதர்பீ அப்படி விடவில்லை. அருவி இருக்கிறது, குறித்த இடம்தான் தவறு என்ற கோணத்தில் தேடலைத் தொடர்ந்தார். இந்த நிகழ்வில் மிக முக்கியமான முடிவு என்று நான் கருதுவது இதையே. எந்த மென்பொருளும் இந்த முடிவை எடுத்துத் தராது.

காகித வரைபடத்தின் கணக்கைப் பார்த்தால் அவருடைய எண்ணம் எவ்வளவு நியாயமானது என்று புரியும். அமெரிக்காவில் மலைப்பகுதிகளுக்கு வழக்கமாகப் பயன்படும் 1:24,000 அளவுத் தாளில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 24 மீட்டர். குறியைக் கையால் போடும் ஒருவர் 1 சென்டிமீட்டர் தள்ளிப் போட்டுவிட்டால் தரையில் 240 மீட்டர் விலகிவிடும். மேசையில் பார்த்தால் அது பெரிய பிழையாகவே தெரியாது. மான்சனீட்டா புதர் மண்டிய சரிவில், கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியாத காட்டில், 240 மீட்டர் என்பது வேறு உலகம். சத்தத்தை வைத்துப் போகலாமே என்று தோன்றும். பாறை நிறைந்த ஓடை வழிநெடுக இரைந்துகொண்டே இருக்கும்போது, அருவியின் சத்தத்தை மட்டும் பிரித்துக் கேட்பது கடினம். கிளை ஓடைகள் கூடும் இடங்களில் குறி பக்கத்துக் கிளையின் மேல் விழுந்துவிடுவதும் சகஜம். அப்போது நாம் சரியான உயரத்தில் தவறான பள்ளத்தாக்கில் நின்று தேடிக்கொண்டிருப்போம்.

ஆகவே பழைய வரைபடத்தின் அருவிக் குறியை ஒரு புள்ளியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் எங்கோ ஒரு பெரிய வீழ்ச்சி இருக்கிறது என்று ஒருவர் தரும் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து அவர் வான்படங்களையும் டிஜிட்டல் நிலவரைபடத் தரவையும் கணினியில் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தார். செங்குத்தாக இறங்கும் ஓடைப் பகுதி ஒன்றில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. 2004இல் பூங்காவின் நிலவியலாளர் பிரையன் ராஸ்முசனும் அவரும் அந்த இடத்தைக் குறிவைத்து நடந்தார்கள். அருவி அங்கே இருந்தது. 2005 ஆகஸ்டில் செய்தி வெளியானது. உலகப் படம் காட்டும் கூகுள் எர்த் மென்பொருள் பொதுமக்களிடம் வந்தது அதே ஆண்டு ஜூனில்தான். அதாவது, இன்று எவரும் கைபேசியில் பார்க்கும் உலகப் படம் கைக்கு வருவதற்கு முன்பே நடந்த கண்டுபிடிப்பு இது.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் தண்ணீர் அல்ல

அருவி தேடுகிறவர் செயற்கைக்கோள் படத்தில் முதலில் தேடுவது வெண்மையை. காட்டின் கரும்பச்சையில் வகிடு எடுத்தது போல ஓடை போகும். அந்தக் கோட்டில் ஓரிடத்தில் பளிச்சென்று வெள்ளை. விழும் நீரில் காற்று கலந்து நுரைப்பதால், கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் அது ஏறக்குறையச் சமமாகத் திருப்பி அனுப்புகிறது. வெள்ளைக்குக் காரணம் அதுதான்.

சிக்கல் என்னவென்றால், காட்டில் வெள்ளையாகத் தெரியும் பொருட்கள் நிறைய. விஸ்கிடவுனுக்குள் இருக்கும் ஷாஸ்டா பாலி மலை கிரானைட் வகைப் பாறையால் ஆனது. வெயிலில் வெளுத்த கிரானைட் பாறைமுகம் மேலிருந்து பார்த்தால் நுரைத்த நீரைப் போலவே இருக்கும். மண்சரிவுத் தழும்பு, பழைய மரவெட்டுப் பாதை, நிழலில் உருகாமல் கிடக்கும் பனி எல்லாமே ஏமாற்றும். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு அருவி என்று அறிவிப்பவர்களை நான் நம்புவதில்லை.

பிரித்தறிய நல்ல வழி பருவம். பாறை ஆண்டு முழுவதும் ஒரே அகலத்தில் இருக்கும். நீர், மழைக்காலத்தில் அகன்று கோடையில் மெலியும். ஒரே இடத்தின் படங்களை மாதவாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தால், எந்த வெள்ளை மாறுகிறது, எந்த வெள்ளை மாறாமல் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். இதற்கு ஏற்ற இலவசப் படம் ஐரோப்பாவின் சென்டினல்-2. முதல் செயற்கைக்கோள் 2015 ஜூனில் ஏவப்பட்டது. இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து சுற்றும்போது நிலநடுக்கோட்டுப் பகுதியில் 5 நாளுக்கு ஒருமுறை அதே இடம் படமாகும். ஆனால் அதன் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய புள்ளி, தரையில் 10 மீட்டர். 3 மீட்டர் அகல அருவி அந்தப் பிக்சலில் மூன்றில் ஒரு பங்குகூட நிறைக்காது. மரமும் பாறையும் சேர்ந்து ஒரு மங்கலான சாம்பல் புள்ளியாக முடிந்துவிடும். எனவே இடத்தைக் கண்டுபிடிக்க அரை மீட்டர், ஒரு மீட்டர் துல்லியப் படம்; நீர்தானா என்று உறுதி செய்ய அடிக்கடி எடுக்கும் படம். இரண்டும் வேண்டும்.

அமெரிக்கப் படங்களைப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2003இல் தொடங்கிய நாய்ப் (NAIP) என்ற தேசிய வான்படத் திட்டம் வேளாண் துறைக்காக நடத்தப்படுவது. அதனால் பயிர் வளரும் காலத்தில், இலை அடர்ந்திருக்கும்போது படம் எடுக்கிறார்கள். கலிபோர்னியாவில் மழை பெய்வது குளிர்காலத்தில், கோடை வறண்டது. ஆக, ஒரு மீட்டர் துல்லியமான நல்ல படம் கிடைக்கும் நேரம், நீர் குறைந்து மரநிழல் மிகுந்திருக்கும் நேரமாக அமைந்துவிடுகிறது.

அடிப்படையான தடை ஒன்றும் இருக்கிறது. செயற்கைக்கோள் பெரும்பாலும் நேர் மேலிருந்து பார்க்கிறது. அருவியோ நெட்டுக்குத்தாக நிற்கும் பொருள். 100 மீட்டர் உயரத்திலிருந்து தொங்கலாக விழும் அருவிக்கு, மேலிருந்து பார்த்தால் பரப்பே கிடையாது. விளிம்பில் ஒரு வெள்ளை, அடியில் குளத்தில் தெறிக்கும் ஒரு வெள்ளை, அவ்வளவுதான். பாறைமேல் சரிந்து இறங்கும் அருவிகளே மேலிருந்து நன்றாகத் தெரியும். விஸ்கிடவுன் அருவி அந்த இரண்டாம் வகை. அடுக்கடுக்காகப் பாறையைத் தழுவி இறங்குகிறது. தொங்கலாக விழுந்திருந்தால் அந்த வெள்ளைத் தடயம் இவ்வளவு தூரம் உதவியிருக்குமா என்பது சந்தேகமே.

நிழலும் இதே அளவு தொல்லை. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள், சென்டினல்-2 இரண்டுமே உள்ளூர் நேரப்படி முற்பகல் பத்து, பத்தரை மணி வாக்கில் கடந்து போகின்றன. சூரியன் அப்போது கிழக்குச் சாய்வில் இருப்பதால் மேற்கு பார்த்த செங்குத்துப் பள்ளங்கள் இருட்டில் கிடக்கும். குளிர்காலத்தில் இன்னும் மோசம்.

முப்பரிமாணக் காட்சியில் சாய்த்துப் பார்க்கும்போது வரும் ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். உலகப் பட மென்பொருள்கள் தட்டையான படத்தை உயர மாதிரியின் (நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் உயரத்தையும் பதிந்த தரவு) மேல் போர்த்துகின்றன. இரண்டும் சில மீட்டர் விலகியிருந்தாலும் குறுகிய பள்ளத்தில் ஓடை பள்ளத்தின் அடியில் ஓடாமல் பக்கச் சுவரில் ஏறி இறங்குவது போலத் தெரியும். புதிதாகப் பார்ப்பவர்கள் அந்த இடத்தை அருவி என்று குறித்து அனுப்புவார்கள். ஓடை மேட்டில் ஏறுகிறது என்றால், அங்கே பிழை படத்தில் இருக்கிறது.

ஓடையின் இறக்கத்தைப் படிப்பது

இதனால்தான் உயரத் தரவு தேவைப்படுகிறது. நில உயர மாதிரியை ஜிஐஎஸ் என்ற புவியியல் தகவல் மென்பொருளில் ஏற்றி, ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் நீர் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எந்தப் பக்கம் வடியும் என்று கணக்கிட்டு, ஓடை வலையை வரையலாம். பிறகு ஓர் ஓடையை மேலிருந்து கீழ்வரை நீட்டி, தூரத்தைக் கிடையிலும் உயரத்தை நெட்டிலும் வைத்துக் கோடு போட்டால், அதன் நீள்வெட்டுத் தோற்றம் வரும். பொதுவாக அது மேலே செங்குத்தாகத் தொடங்கி கீழே போகப்போகத் தட்டையாகும் வளைவு. அந்த வளைவில் திடீரென்று ஒடியும் இடம்தான் அருவிக்கான வேட்பாளர். கடினமான பாறையும் மென்மையான பாறையும் சந்திக்கும் இடத்திலோ, நிலம் உயர்ந்த இடத்திலோ இந்த ஒடிவு உண்டாகும்.

இதிலும் பொறிகள் உண்டு. உலகின் பெரும்பகுதிக்கு முதன்முதலில் கிடைத்த நல்ல உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்வெளி ஓடம் 11 நாள் பறந்து ரேடாரில் அளந்த எஸ்ஆர்டிஎம். அதன் ரேடார் அலை அடர்காட்டில் தரையைத் தொடாமல் மரக்கிளைகளிலேயே திரும்பிவிடும். காடு முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில் 20, 30 மீட்டர் மரத்தின் உயரமே நிலத்தின் இறக்கமாகப் பதிவாகியிருக்கும். ஓடை அந்த எல்லையைக் கடந்தால் நீள்வெட்டில் அழகான பொய் அருவி ஒன்று தோன்றும். மரம் வெட்டிய பகுதிகள் அருகருகே இருக்கும் மலைகளில் இது தொடர்ந்து நடக்கும். இன்னொரு பொறி நாமே உண்டாக்குவது: கணக்கீட்டுக்கு முன் தரவில் இருக்கும் பொய்க் குழிகளை மென்பொருள் நிரப்பிவிடும், நிரப்பிய இடம் தட்டையாகி, அதன் முடிவில் சட்டென்று இறங்கும். அதுவும் அருவி போலவே இருக்கும். நிரப்புவதற்கு முந்தைய மாதிரியைத் திறந்து ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும்.

விஸ்கிடவுன் அருவியின் 220 அடி என்பது 67 மீட்டர். 30 மீட்டர் கட்டத் தரவில் அது இரண்டு கட்டங்களுக்குள் பரவிவிட்டால் 48 பாகைச் சரிவாகத்தான் காட்டும். அந்த அளவு சரிவு அருவியே இல்லாத மலைச்சுவரிலும் இருக்கும். சம உயரக் கோட்டு வரைபடத்தில் 40 அடி இடைவெளி என்றால் ஐந்தாறு கோடுகள் நெருங்கி ஓடையைக் கடக்கும், அவ்வளவுதான் தடயம். உயரத் தரவு மட்டும் இருந்திருந்தால் அந்த மலையில் பத்திருபது இடங்களைச் சந்தேகிக்க வேண்டியிருக்கும். வெள்ளைத் தடயமும் செங்குத்து இறக்கமும் ஒரே இடத்தில் கூடியதுதான் பட்டியலைச் சுருக்கியது.

சுருக்குவதற்கு இன்னொரு வடிகட்டி, நீர்ப்பிடிப்புப் பரப்பு. எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் மேலே நீர் சேரும் பரப்பு குறைவு என்றால் அது மழை பெய்த அன்று மட்டும் வழியும் பாறை. சரிவையும் நீர்ப்பிடிப்பையும் பெருக்கி வரிசைப்படுத்தினால், நடந்து போய்ப் பார்க்கத் தகுந்த இடங்கள் மேலே வரும்.

முறையைப் புதிதாகப் பழகுகிறவர்கள், தெரிந்த அருவியில் அதைச் சோதித்துவிட்டுத் தெரியாத மலைக்குப் போவது நல்லது. நம் வாசகர்களுக்கு நான் பரிந்துரைப்பது, வத்தலக்குண்டு–கொடைக்கானல் மலைச்சாலையில் டம் டம் பாறையிலிருந்து தெரியும் எலிவால் அருவி. மஞ்சளாற்றில் விழும் இந்தத் தலையாறு அருவிக்கு 297 மீட்டர் என்று உயரம் குறிப்பிடப்படுகிறது. இவ்வளவு பெரிய வீழ்ச்சி 30 மீட்டர் தரவிலும் தப்பாது. நீள்வெட்டில் கோடு சுவர் போல இறங்கும். படத்திலோ, பருவத்துக்குப் பருவம் தடிமன் மாறும் ஒரு மெல்லிய நூல். இந்த இரண்டும் ஒத்துப்போகும் விதத்தைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால், 60, 70 மீட்டர் அருவிகளின் மங்கலான தடயத்தை நம்பவும் சந்தேகிக்கவும் தெரியும்.

400 அடியா, 220 அடியா

2005இல் செய்தி வந்தபோது உயரம் 400 அடி என்று சொல்லப்பட்டது. இப்போது பூங்கா நிர்வாகம் சொல்வது 220 அடி. கண்டுபிடித்தவர்களைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. அடுக்கடுக்காக இறங்கும் அருவியில் உச்சி எங்கே, அடி எங்கே என்பதே விவாதத்துக்குரியது. மேலே பாறைச் சரிவில் வழுக்கி வரும் நீரையும் கீழே துள்ளி ஓடும் நீரையும் சேர்த்தால் எண் எளிதில் இரண்டு மடங்கு ஆகும். உயர மாதிரியில் மேல் கட்டத்தையும் கீழ்க் கட்டத்தையும் கழித்துப் பார்த்தாலும் இதே மிகைதான் வரும். அடியில் நின்று லேசர் தூரமானியால் கோணத்தோடு அளக்காதவரை எந்த உயரத்தையும் மதிப்பீடு என்றே எழுத வேண்டும். வெனிசுலாவின் ஏஞ்சல் அருவியை ஜிம்மி ஏஞ்சல் விமானத்திலிருந்து பார்த்தது 1933. ரூத் ராபர்ட்சனின் குழு காட்டு வழியே அடிவாரம் போய் 979 மீட்டர் என்று அளந்தது 1949. பார்த்ததற்கும் அளந்ததற்கும் இடையே 16 ஆண்டு.

கண்டுபிடிப்பு என்ற உரிமை

விஸ்கிடவுன் இருக்கும் நிலம் விண்டு பழங்குடியினரின் தாயகம். பின்னாளில் அந்தச் சரிவில் மரம் வெட்டினார்கள். அருவிக்கு இப்போது போகும் பாதையின் ஒரு பகுதி பழைய மரவெட்டுப் பாதையே. அலமாரியில் இருந்த வரைபடத்திலும் யாரோ பார்த்ததால்தான் குறி விழுந்தது. ஆகவே உலகம் அறியாத அருவி என்பது மிகை. நிர்வாகத்தின் நினைவிலிருந்து தவறிப்போன அருவி மீட்கப்பட்டது என்பதே சரி. பெருவில் கோக்டா அருவி இன்னும் தெளிவான உதாரணம். ஜெர்மானியரான ஸ்டெஃபான் சீமெண்டார்ஃப் 2002இல் பார்த்து, 771 மீட்டர் என்று 2006இல் உலகத்துக்கு அறிவித்தார். எதிரே இருக்கும் கோகசிம்பா ஊர்க்காரர்கள் அதைத் தினமும் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள். திரையில் வேட்பாளர் இடம் கிடைத்ததும், நடையைத் தொடங்கும் முன் அந்த மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர், தேன் எடுப்பவர், பழைய வனக்காவலர் என்று யாராவது ஒருவரிடம் கேட்பதைத் தேடலின் ஒரு கட்டமாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இடத்தை எப்போது வெளியிடுவது என்பதிலும் விஸ்கிடவுன் நிர்வாகம் பொறுப்போடு நடந்துகொண்டது. 2004இல் கண்டார்கள், 2005இல் அறிவித்தார்கள், 2006இல் ஜேம்ஸ் கே. கார் பாதை என்ற பெயரில் முறையான நடைபாதையைத் திறந்தார்கள். பாதை இல்லாத அருவியின் ஆயத்தொலைவை இணையத்தில் போட்டால் ஆளுக்கொரு வழியாகச் சரிவில் ஏறுவார்கள். மண் அரிக்கும், ஆளும் விழுவார்.

தீக்குப் பிறகு

2018 ஜூலை 23 அன்று, இழுவை வண்டி ஒன்றின் டயர் பழுதாகி, இரும்பு வளையம் சாலையில் உரசித் தெறித்த பொறியில் இந்தப் பூங்காவுக்குள் தீப்பிடித்தது. கார் (Carr; வண்டி அல்ல, பெயர்) தீ என்று பெயர் பெற்ற அது 2,29,651 ஏக்கரை எரித்தது. பூங்காவின் பரப்பில் 97 சதவீதம் தீயின் எல்லைக்குள் வந்தது. காட்டுக்கு அது பேரிழப்பு. படம் படிப்பவர் கோணத்தில் சொன்னால், மரக்கூரை திறந்துபோன சரிவுகளில் ஓடைகள் வெளிப்படும். கூடவே சாம்பலும் மண்சரிவும் புதிதாகப் பொய் வெள்ளைகளை உண்டாக்கும். ஆதலால் தீக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் கலந்து ஒரே வரிசையில் வைத்து ஒப்பிடக் கூடாது.

அந்த அலமாரி வரைபடம் இன்று கிடைத்திருந்தால் நான் முதலில் திறப்பது லைடார் தரவை. விமானத்திலிருந்து விழும் லேசர் துடிப்புகளில் பல இலையிலேயே திரும்பினாலும், இடுக்கு வழியே தரையைத் தொட்டுத் திரும்பும் துடிப்புகளை மட்டும் பிரித்தெடுத்தால் மரமே இல்லாத வெறும் நிலம் ஒரு மீட்டர் கட்டத்தில் கிடைக்கும். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் நாடு தழுவிய திட்டமாக இதைத் திரட்டி இலவசமாகத் தருகிறது. 67 மீட்டர் வீழ்ச்சி அதில் சரிவாகக் குழையாது. அடுக்குகளைத் தனித்தனியாக எண்ணலாம். நிலத்தை அளக்கும் லைடாரின் அகச்சிவப்பு ஒளியை அமைதியான நீர் உறிஞ்சிவிடுவதால் குளங்கள் புள்ளியில்லாத வெற்றிடமாகத் தெரிவதும் ஓர் அடையாளம்.

நேரில் போக நினைப்பவர்களுக்கு: பாதை ஒரு வழிக்கு 1.7 மைல், ஏற்றம் ஏறத்தாழ 700 அடி. கடைசியில் பாறையை ஒட்டிய படிகளில் ஏறினால் ஆர்ட்டிஸ்ட்ஸ் லெட்ஜ், ஃபோட்டோகிராஃபர்ஸ் லெட்ஜ் என்ற இரண்டு நிற்குமிடங்கள் உண்டு. மழைக்காலம் முடிந்த வசந்தத்தில் போனால் நீர் நிறைய இருக்கும். பாறையும் அப்போதுதான் அதிகம் வழுக்கும்.